யார் வாசலுக்கு யார் போவது

மாத்தளை, 1975

ஜூலை 11
என் கணவர் மவுத்தாகி இரண்டு மாதம். கைம்பெண் வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை வெளியே போகக் கூடாது. அது மார்க்கம், இருக்கிறேன். ஆனால் இன்று மாமி சோற்றை வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தா முடிஞ்சாலும் ஸ்கூலுக்குப் போக வேணாம் மகள். ஊரு பேசும்." ஏழு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இனிக் காலம் பூராவும் இந்த ஜன்னல்தானா? மூச்சு முட்டுது அல்லாஹ்வே.

ஜூலை 13
மாமி ஒருவர் பேச்சைத்தான் கேட்பார் — மூத்த மருமகள் ஜுனைதா ராத்தா. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். வீட்டைப் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. மையித்து எடுத்த அன்று வந்தார், அழுதார், என் முகம் பார்க்காமல் போனார். சண்டைக்குப் பிறகு முதலில் மற்றவர் வாசற்படி ஏறுபவர் தோற்றவர் என்பது எங்கள் குடும்பத்துச் சட்டம். எனக்கு இத்தா. அவருக்கு வீம்பு.

ஜூலை 18
அமெரிக்க விண்கப்பலும் ரஷ்ய விண்கப்பலும் ஆகாயத்தில் இணைந்துவிட்டனவாம். குண்டு செய்து குவித்திருப்பவர்கள் கை குலுக்குகிறார்கள்! எதற்கு? மேலே ஒருத்தன் மாட்டிக்கொண்டால் மற்றவன் போய்க் காப்பாற்ற வேண்டும், அதற்குக் கதவுகள் பொருந்த வேண்டும் என்றது ரேடியோ. அன்பில்லை, பயம். அங்கே பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

வழக்கமாக ஒரு கப்பலின் கொளுவும் முனை மற்றதற்குள் நுழையுமாம். யார் இடம் கொடுப்பது? இரண்டு பேருக்கும் ரோசம். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையம். யாரும் யாரிடமும் போனதாக இல்லை! சிரித்துவிட்டேன். மாமி முறைத்தார்.

ஜூலை 20
ராத்தா தன் மகள் ஸரீனாவை ஏசுவது சுவர் தாண்டிக் கேட்டது. விஞ்ஞானத்தில் கோட்டை விட்டுவிட்டாளாம், டிசம்பரில் சோதனை.

மதிலுக்குள் இருக்கும் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ராத்தா தண்ணீர் அள்ளும்போது நானும் வாளியோடு போனேன்.

"ஸரீனாவக் கிணத்தடிக்கு அனுப்புங்க. சொல்லிக் குடுக்கிறேன்."

"நான் ஒங்கிட்ட கேக்கல்ல."

"நீங்க கேட்டதா நான் சொல்லல்ல. மாமிட்ட என் ஸ்கூல் விஷயத்தப் பேசுங்க, அது போதும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சீ, ஏன் போனேன்!

ஜூலை 21
ஸரீனா வந்தாள். பாயும் கொண்டுவந்தாள்.

ஆகஸ்ட் 30
பிள்ளைக்கு அமிலமும் காரமும் பிடிபட்டுவிட்டன. ராத்தா மாமியிடம் வாய் திறந்த பாடில்லை. என்னை ஏமாற்றுகிறாரோ?

செப்டெம்பர் 20
இத்தா முடிந்தது. நோன்பு நேரம், பள்ளிக்கூடம் லீவு. வாசல் திறந்துதான் கிடக்கிறது. மாமி அதே பேச்சு. நான் அதே ஜன்னல்.

ஒக்டோபர் 13
பெருநாள் லீவு முடிந்து இன்று பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் சேலை உடுத்தி, மாமிக்குப் பயந்து அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே ராத்தாவின் குரல். கிணற்றடியில் இல்லை — எங்கள் முன்வாசலில். படியேறி வந்து மாமியின் எதிரே நின்றார். "அவ போகட்டும் மாமி. ஊரு பேசினா எங்கிட்ட அனுப்புங்க."

மாமி வாசலை விட்டு விலகினார். நான் குடையை எடுத்தேன். என்னைப் பார்த்து ராத்தா சிரிக்கக்கூட இல்லை. தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஊர்க் கணக்கில் அவர்தான் தோற்றவர். தெரிந்துதான் ஏறினார்.