பின்கட்டு மூங்கிலும் தேவயானியின் புடவையும்

திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் காவ்யாவுக்குச் சின்ன நைனா கோவர்த்தனன் எழுதுவது. இங்கே நானும் உன் சின்னம்மா பிரமிளாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் கீழே எழுதப் போகிறேன். அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை யஸ்வந்தும் பாப்பாவும் சளி இருமல் அண்டாமல் இருக்க ஏழுமலையான் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், நானும் கூடச் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன், அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

நீ பாப்பாவோடு வந்து கோடை முழுக்கத் தங்க வேண்டும், மாப்பிள்ளை ராத்திரியில் ஆபீஸ் வேலை பார்க்கப் பின்கட்டில் மாடியோடு ஓர் அறை இருந்தால் நல்லது என்று கேட்டாய் அல்லவா, நானும் சக்கரவர்த்தி அரண்மனைக்கு அடிக்கல் நாட்டுவது போலக் கிளம்பினேன். நம் தெருவோ கோயிலை ஒட்டிய பழைய தெரு, பாதுகாக்கப்பட்ட பகுதி, பின்பக்கம் ஒரு செங்கல்லை நகர்த்தவும் அனுமதி வேண்டும். மனு போட்டதும் அளவெடுக்க ஒரு பெரும்படை வந்தது, யானை குதிரை மட்டும்தான் இல்லை, அவர்கள் இழுத்த டேப் நம் வீட்டிலிருந்து பாகாலா ஜங்ஷன் வரை போய்த் திரும்பியது. படைக்குத் தளபதி ஹரிபாபு என்கிற அதிகாரி. மாடி எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு உயரத்துக்கு மூங்கில் நட்டு மேலே சிவப்புத் துணி கட்டுங்க, சுத்துப்பட்ட வீட்டுக்காரங்க பாக்கட்டும், கோபுரத்த மறைக்குதுன்னு யாராச்சும் சொன்னா மாடி கிடையாது, அர்த்தமாயிந்தா, புரிஞ்சுதா என்றார். ரொம்ப நன்றாகவே அர்த்தமாயிற்று, அங்கேதான் வந்தது வினை.

பின்வீட்டு நாகபூஷணத்தை உனக்குத் தெரியும், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார், கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. அவர் சம்சாரம் தேவயானி கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டிருக்கிறாள், நம் பின்கட்டுக்கு மேலே தெரிகிற கோபுரத்தைக் கும்பிட்ட பிறகுதான் அவருக்குக் காலைக் காபி. இதெல்லாம் தெரிந்தும் உன் சின்ன நைனா செய்ததைக் கேள். மூங்கிலுக்கு மூங்கில் கயிறு கட்டி, கிணற்று ராட்டினத்தை மாட்டி, சிவப்புத் துணிக்குப் பதிலாக, பிரம்மோற்சவக் கொடியேற்றம் போல என் வேட்டியை மேலே ஏற்றினேன். தேவயானி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, இன்னாண்ணா இம்மாம் ஒசரத்துல கம்பம் என்று கேட்டாள். துணி காயப் போடத்தாம்மா, மேல காத்து நல்லா அடிக்குது என்றேன். கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா அவள்? எங்க வூட்ல வெயிலே வர்றதில்லண்ணா, நானும் ஒரு ஓரமா போட்டுக்கினா கோச்சுக்க மாட்டீங்களே என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் கருவேப்பிலைத் துவையலும் கொடுத்தனுப்பினாள். வெட்கமில்லாமல் அதையும் வழித்துச் சாப்பிட்டேன்.

ஹரிபாபு மறுபடி வந்த அன்று கயிற்றில் ஆடியது தேவயானியின் அரக்குச் சிவப்புப் புடவை. சிவப்புத் துணி கட்டியாயிற்று என்று அவருக்குப் பரம திருப்தி. மதிலோரம் நின்றவளிடம் இந்தக் கம்பத்தால் உங்களுக்குத் தொந்தரவு உண்டா என்று கேட்க, எங்களுக்கு இன்னா தொந்தரவு சார், எவ்ளோ ஒத்தாசையா கீது என்றாள் அவள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நானே வாசல் வரை போய் அவரை வழியனுப்பினேன்.

அடுத்த நாள் காலையில் காபி டம்ளரோடு பின்கட்டில் நிற்கிறேன், நாகபூஷணத்தின் குரல் கேட்கிறது. கோபுரத்த மறைச்சுக்கினு இன்னாடி புடவ, உன் புடவையவா நான் கும்புடறது என்று கத்துகிறார். தோ எறக்கறேன், உன்னால ஒரு துணி காயுதா இந்த வூட்ல என்று அவள் ஓடி வந்து கயிற்றை இழுத்தாள். புடவை இறங்கியது. இப்ப தெரியுதா பாரு என்றாள். ம், தெரியுது என்றார் அவர். சண்டைக்காரக் குரலெல்லாம் போய்ச் சின்னப் பிள்ளை போல ஒரு ம். உன் சின்னம்மா என் பின்னாலேயே நின்றிருக்கிறாள், அவ பொடவைய எறக்கிட்டா, உங்க செவுத்த யாரு எறக்குவா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேரே ஹரிபாபுவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் தெலுங்கில் பொழிந்த பொழிவில் என் காது இரண்டும் கழன்று அலிபிரி வரை உருண்டு போயின, தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். மாடி ரத்து, மதில் உயரத்துக்கு மேலே போகாத கீழறையும் குளியலறையும் மட்டும் கட்டலாம். பிறகு தேவயானியிடம் சொன்னேன். உள்ளே போனவள்தான், மதிலுக்கு மேலே தலையே தெரியவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

உன்னிடமும் நான் குற்றவாளிதான் அம்மா. மாடி உண்டு என்று மீசையை முறுக்கி வாக்குக் கொடுத்தது நான், மாப்பிள்ளையிடம் தலைகுனிய வேண்டியது நீ. கீழறையில் தொட்டில் கட்ட இடம் இருக்கிறது, மாப்பிள்ளை ராத்திரி வேலையை முன் ஹாலில் பார்க்கட்டும், விசிறி போட்டுத் தருகிறேன். கோபமாக இருந்தால் கோபத்தையே எழுது, உன் பதில் வந்த பிறகுதான் கடைக்கால் தோண்டுவேன். பாப்பாவுக்குக் காது மூடுகிற குல்லா போட மறக்காதே. நீங்கள் மூவரும் ஏழு தலைமுறை பார்த்து வாழ வேண்டும்.

படை, பாகாலா டேப், உருண்ட காது எல்லாம் என் சரக்கு, தள்ளிவிடு. நேற்று மூங்கிலைப் பிடுங்கப் போனேன், மதிலுக்கு மேலே தலை வந்தது. பொய்யு சொன்ன வாய்க்கு அப்பால வெச்சிக்கறேன், கம்பத்த எங்க தூக்கிக்கினு போறீங்க, என் துணிய எங்க போடறது என்றாள். மதில் உயரத்துக்கு வெட்டி அங்கேயே நட்டுவிட்டேன். அவளிடம் நான் சொன்னதில் அந்தச் சின்னப் பங்கு மட்டும் நிஜம் அம்மா, அந்தக் கம்பம் துணி காயப் போடத்தான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் சின்ன நைனா,
கோவர்த்தனன்