கம்பிக் கைப்பிடி போட்ட டப்பா

என் நாராயணப்பா அண்ணாவுக்கு,

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவனுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுதுகிறேன், அண்ணா, ஏனென்றால் உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊர் நடுவில் வைத்துத்தான் என்னைப் பேசினார்கள்.

உன் பிக்கப் வண்டி இப்போது என் ஷெட்டில் நிற்கிறது. ஆமாம், அதே வண்டிதான். சானமாவுக் காடு தாண்டி அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் புளியமரத்தில் போய் மோதி, உன்னைக் கொண்டுபோன வண்டி. போலீஸ் விட்டதும் டிராக்டரில் கட்டி இழுத்துவந்து உன் வீட்டுப் பின்னால் புங்க மரத்தடியில் போட்டோம். அதன்பிறகு அண்ணி யாரையும் அதைத் தொடவிடவில்லை. கொடி ஏறியது. கோழி உள்ளே போய் முட்டையிட்டது. மழை பெய்தால் கூரையில் ஒழுகித் தரைத் தகட்டில் தேங்கும். தகரத்தைத் துரு தின்னும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது போலிருக்கிறது, வேறு யாரும் காது கொடுக்கவில்லை.

பிரேக் வேலை செய்தவன் நான். அதனால் உன்னைக் கொன்றவனும் நானே என்று ஊர் முடிவு கட்டியது. உன் காரியத்தன்று, சாப்பாட்டுப் பந்தியில், அண்ணியின் தம்பி கோவிந்தப்பா என்ன சொன்னான் தெரியுமா? "வூட்டுலயே கத்துக்கிட்ட மெக்கானிக் கையில உசுர குடுத்தா இப்படித்தான்" என்றான். சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒருவரும் அவனை அடக்கவில்லை. அன்றிலிருந்து பாகலூரில் ஒருவனும் என்னிடம் வண்டி விடவில்லை. பழைய மோட்டார் பம்புகளைப் பிரித்துப் போட்டுக் காலம் தள்ளினேன். வண்டியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். ஏன் பிடிக்கவில்லை என்று எழுதவில்லை. அதை எழுதுவதற்குத்தானே அவருக்கு வேலை கொடுத்தார்கள்?

போன தை மாதம் ஒருவன் வந்தான். நெடுஞ்சாலையில் புதிதாக ஓட்டல் திறக்கிறானாம். வாசலில் பழைய வண்டி நின்றால் ஜனங்கள் போட்டோ எடுப்பார்களாம். உன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "துருவை எடுக்கவே வேணாம் சார், துருதான் அழகு. பின்னாடி மண்ணு கொட்டி பூச்செடி வச்சிடலாம்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தக்காளிக் கூடை ஏற்றின இடத்தில் பூச்செடியா? அவன் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் அண்ணியிடம் சொன்னேன்: "வண்டிய என்கிட்ட குடுங்க. பிரேக் ஏன் போச்சுனு எனக்குத் தெரியணும். என் வேலைலதான் தப்புன்னா, நானே அதுல மண்ணக் கொட்டறன்."

அண்ணி வண்டிமேல் ஏறியிருந்த கொடியை ஒரு பிடி பிடுங்கிப் போட்டாள். பிறகு, "எடுத்துட்டுப் போ தம்பி" என்றாள்.

எனக்கு எழுபது ஆகப்போகிறது. முட்டி மடங்காது. இருந்தாலும் தனியாகத்தான் பிரித்தேன். தரைத் தகடு கைபட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஒரு நட்டும் அசையவில்லை. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்து, அசையாததை அறுத்து எடுத்தேன். இறுகிப் போன இன்ஜினில் பிளக் ஓட்டை வழியாக ஆயில் விட்டு ஒரு வாரம் காத்திருந்து, கைப்பிடி போட்டுச் சுற்றினேன். எட்டாம் நாள் அரைச் சுற்று திரும்பியது. அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, போ.

பிறகுதான் பிரேக் ஆயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தேன். திறக்க நான் எவ்வளவு பயந்தேன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உள்ளே துரு இல்லை, அண்ணா. உச்சி முதல் சக்கரம் வரை துரு தின்ற வண்டியில் அந்த ஒரே இடம் பளபளவென்று இருந்தது. பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும். பதினோரு வருஷம் கிடந்தால் உள்ளே துருப்பிடித்து அடைத்துத்தான் இருக்க வேண்டும். இது வேறு எண்ணெய். டிராக்டருக்கும் இரும்பை அமுக்குகிற பிரஸ்ஸுக்கும் ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில். அது இரும்புக்கு நல்லது, பிரேக் ரப்பருக்கு விஷம். ஊற்றிய நாலைந்து நாளில் ரப்பர் வாஷர் ஊதிப்போகும். பெடலை மிதித்தால் ஒருநாள் பிடிக்கும், மறுநாள் பிடிக்காது. நான் போட்ட வாஷர்கள் தண்ணீரில் ஊறிய பணியாரம் மாதிரி ஊதிக் கிடந்தன. நான் ஊற்றியது பிரேக் ஆயில். சத்தியமாகப் பிரேக் ஆயில். அதற்கு மேல் வேறு யாரோ வேறு எதையோ ஊற்றியிருக்கிறார்கள்.

கை கழுவவில்லை. வாஷர்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாகலூர் சர்க்கிள் டீக்கடைக்குப் போனேன். கோவிந்தப்பா எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கடைக்காரர், "ஏனு மேஸ்திரி, ஏன் சமாச்சாரா?" என்று கன்னடத்தில் சேதி விசாரித்தார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் கோவிந்தப்பாவின் டீ கிளாஸ் பக்கத்தில் காகிதத்தைப் பிரித்து வைத்தேன்.

"பாருடா. கண்ண நல்லா தொறந்து பாரு. இது என் கைத்தப்பா? எவனோ கண்ட எண்ணெய ஊத்தியிருக்கான். பதினோரு வருசம் என் சோத்துல மண்ணப் போட்டியே, இப்பச் சொல்லு!"

"டீ குடிக்கிற எடத்துல இத எதுக்கு வெக்கற?" என்றான் அவன். பிறகு ஒரு வாஷரை எடுத்து அமுக்கிப் பார்த்தான். ரோஜாத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டெம்போ டிரைவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். "எவனோன்னா யாருப்பா?" என்று ஒருவன் கேட்டான். "அதக் கண்டுபிடிக்கிறன் இரு" என்று கத்திவிட்டு வந்தேன். அன்று நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சீட்டைக் கழற்றினேன்.

நீள சீட்டுக்கு அடியில் சாமான் வைக்கிற பெட்டி இருக்கிறதல்லவா, அதன் மேல் சீட்டு துருவில் ஒட்டிப்போய், இத்தனை வருஷம் யாரும் அதைத் தூக்கவே இல்லை. அறுத்துத் தூக்கினேன். உள்ளே ஒரு ஸ்பேனர், ஒரு கயிறு, ஒரு டப்பா. டப்பாவில் கம்பிக் கைப்பிடி. கட்டுக்கம்பியை மூன்று முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே மடக்கி விட்டிருந்தது. இந்த ஜில்லாவில் அப்படி முறுக்குகிறவன் ஒருவன்தான்.

டப்பாவின் மேல் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்தது பிரேக் ஆயில் என்று. உன் வண்டிக்கு ஊற்றித் தீர்த்த அதே டப்பாதான். தீர்ந்ததும் அதைத் தூக்கிப்போட மனமில்லாமல், பிரஸ்ஸுக்கு வைத்திருந்த ஹைட்ராலிக் ஆயிலை அதில் ஊற்றி, ஆணியில் மாட்டியது நான்.

என் ஷெட்டில் எந்த டப்பாவிலும் அதன் மேல் எழுதியிருப்பது இருக்காது என்று உனக்குத் தெரியாதா? டிகிரி காபி டப்பாவில் கிரீஸ், ஊறுகாய் பாட்டிலில் ஆசிட். நீயே ஒருநாள் கேட்டாய்: "ஏன்டா முனிராஜ், இதுல எது இருக்குதுனு உனக்குத் தெரியும். மத்தவனுக்கு?" நான் என்ன சொன்னேன்? "மத்தவன் ஏன் என் ஷெட்டுக்குள்ள வர்றான்?" என்றேன். சிரித்தாயே, அண்ணா. சிரித்துவிட்டு, அந்த மத்தவனாக நீயே வருவாயா? நான் இல்லாத நேரத்தில், திருடனைப் போல?

ஏன் வந்தாய் என்று எனக்குத் தெரியும். அப்போது நாம் பேசுவதில்லை.

ஒரு யானைக்காக. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போன காலையில், சானமாவில் ஒற்றை யானை வந்து உன் இடது பக்கக் கதவைத் தலையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போனது. உனக்குக் கீறல்கூட இல்லை. உடனே அந்தப் பள்ளம் உனக்குச் சாமியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாய். ஈரமும் மஞ்சளுமாகப் பெயின்ட் உரிந்து அந்த இடத்தில்தான் முதலில் துரு கண்டது. பிரேக் வேலையை முடித்த கையோடு நான் சுத்தியலை எடுத்தேன்.

"சாமி தொட்ட எடம்டா. கை வெக்காத."

"ஆனைக்குத் தலை அரிச்சிருக்கும், உன் கதவுல தேச்சிட்டுப் போயிருக்கும். அதுக்கு மஞ்சள் பூசறியே, துரு ஏறுதே, கண்ணு தெரியலயா?"

"ஏறட்டும். உனக்கென்ன?"

"அப்ப துருவையே கும்பிடு. இனிமே இத என் ஷெட்டுக்கு ஓட்டிட்டு வராத."

"வரல போ."

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். பதினெட்டு நாள் கழித்து நீ இல்லை.

பிரேக் ஆயில் குறைந்திருக்கும். நீ என்னிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, "டேய், எது?" என்று. பேச மனமில்லாவிட்டால் விரலால் காட்டியிருக்கலாம். முகர்ந்தாவது பார்த்திருக்கலாம்! பத்தாவது வரை படித்தவன் நீ, டப்பாவில் எழுதியிருந்ததை நம்பினாய். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தவன், என் கையை மட்டும் நம்பினேன். ரோஷம் உனக்கு எதற்கு? அது என் குணம். உனக்குப் பொருந்தாததை ஏன் எடுத்துப் போட்டுக்கொண்டாய்?

அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். கொல்லையில் குழி தோண்டினால் போதும், யாருக்கும் தெரியாது. டீக்கடையில் ஜெயித்துவிட்டு வந்தவன் நான். அந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம். இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை அண்ணியிடம் போனேன். முறத்தில் அவரைக்காயைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடைசிக் காயை உரித்துவிட்டுத்தான் பேசினாள்.

"இத்தன வருசம் அந்த வண்டியத்தான் திட்டினன் தம்பி. உன்ன ஒரு நாளும் திட்டல."

"திட்டியிருக்கலாம் அண்ணி."

"இப்பத் திட்டறன், இரு." முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "உங்க ரெண்டு பேரு ரோசத்துக்கு என் தாலிதான் கெடச்சுதா? ஒருத்தன் பேர எழுத மாட்டான், ஒருத்தன் வாயத் தொறந்து கேக்க மாட்டான். ஆனை பண்ணாதத நீங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணீங்களே!"

ஊரே கேட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். நான் குனிந்ததை நீ பார்த்ததில்லை, அதையும் தவறவிட்டாய். கத்தி முடித்து மூச்சு வாங்கியவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய ஓட வை. ஓடற வரைக்கும் இந்த வாசலுக்கு வராத" என்றாள்.

அங்கிருந்து நேராக டீக்கடை. அதே பெஞ்சு, அதே கூட்டம். டப்பாவைக் கோவிந்தப்பா முன்னால் வைத்தேன். "கண்டுபிடிச்சிட்டன். எவனோ இல்ல, நான்தான்" என்றேன்.

அவன் கம்பியைத் தடவிப் பார்த்தான். "நீ வராம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன்டா வந்து சொல்ற?" என்றான்.

"கத்தினது இங்கதான. ஆனா ஒண்ணு, என் பிரேக் வேல சரி. அத இப்பவும் விட மாட்டன்."

"செத்தாலும் விட மாட்ட" என்று சொல்லி எனக்கு ஒரு டீ சொன்னான். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

இப்போது இன்ஜின் ஓடுகிறது. தரைத் தகடு புதிது, பிரேக் குழாய் முழுக்கப் புதிது. இடது கதவில் துருவை மட்டும் அறுத்து எடுத்து ஓரத்தில் தகடு ஒட்டினேன். பள்ளத்தைத் தட்டவில்லை. சாமி என்று ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது அரிப்பெடுத்த யானைதான். ஆனால் அந்தக் கதவு உன்னுடையது. நான் அதில் குங்குமம் வைக்க மாட்டேன். அண்ணி வைத்தால் துடைக்கவும் மாட்டேன்.

ஷெட்டில் எல்லா டப்பாவிலும் வெள்ளைப் பெயின்டால் தமிழில் எழுதிவிட்டேன். கம்பிக் கைப்பிடி போட்டதைக் காலி செய்து, கழுவி, அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் என் பெயரை எழுதினேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து ராயக்கோட்டைக்குப் போகிறேன். சானமாவு தாண்டி, அந்த இறக்கத்தில், அந்தப் புளியமரத்துக்கு நேராக, பெடலை மிதிப்பேன். வண்டி நிற்கும், அண்ணா. நிறுத்திக் காட்டுகிறேன்.

பதினெட்டு நாள் உன்னிடம் பேசாமல் இருந்த உன் தம்பி,
முனிராஜ்