தூள் வறுக்கிற காற்று

என்ரை மலரக்கா,

நீங்கள் இருக்கிற இடத்தில் இன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வீசுகிறது? முதலில் அதைத்தான் கேட்பேன். காலையில் என் கதவைத் தட்டினால் நீங்களும் முதலில் அதைத்தானே கேட்பீர்கள். சுகமா, சாப்பிட்டியா எல்லாம் பிறகுதான்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினது சித்திரையில். இப்போது ஒக்டோபர். ரொறன்ரோவின் இந்த ஸ்காபரோ மூலையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எலிவேற்றர் ஒன்று வழக்கம்போல வேலை செய்யவில்லை. உங்கள் வாசலில் நீங்கள் கட்டின மாவிலை இன்னும் பச்சையாகத் தொங்குகிறது. பிளாஸ்ரிக் மாவிலை வாடுமா?

சிவமண்ணையைப் பற்றித்தான் எழுத வேண்டும். உங்கள் மனுசன் சாப்பிடுகிறாரில்லை, அக்கா. நீங்கள் வறுத்து வைத்துவிட்டுப் போன கறித்தூள் இருக்கும்வரை கறி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஏதோ சாப்பிட்டார். ஆவணியோடு அந்தப் போத்தல் முடிந்தது. பிறகு கடைத்தூளில் வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "பசியில்லைப் பிள்ளை" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அதிலிருந்து பாணும் தேத்தண்ணியும்தான். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ற்றில் தானே ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறார்.

அதைவிட எனக்குப் பயம் வேறொன்று. உங்கள் பெயரை அவர் எடுப்பதே இல்லை. வேறு யாராவது எடுத்தால் எழும்பிப் போய் ரீவியைப் போட்டுவிடுவார். விட்பியில் இருக்கும் அவருடைய தம்பி தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொல்கிறார். போகட்டும், ஆனால் இப்படிப் போனால் மனுசன் அங்கே ஒரு மூலையில் இருந்தே முடிந்துபோவார் என்று எனக்குப் பட்டது.

அதனால் நானே தூள் வறுப்பது என்று முடிவெடுத்தேன். வறுக்க எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருசமும் தாச்சிச் சட்டிக்கு முன்னால் நின்று வெந்தது நான். நீங்கள் என் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து கட்டளை போட்டீர்கள். ஆனால் நாள் பார்ப்பது மட்டும் உங்கள் பகுதி. அதில் என்னைக் கிட்டவும் விடவில்லை.

நீங்கள் பார்த்த முதல் நாளின் இலட்சணம் ஞாபகம் இருக்கிறதா? சண்டையால் ஊர்ப் பாதை பூட்டி, என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்புகிற தூள் நின்றுபோன வருசம். "நாங்களே வறுப்பம், உதென்ன பெரிய வேலையே" என்றீர்கள். அன்றைக்குத் தென்மேற்கால் நல்ல காற்று. "வசந்தி, சோளகம் பிறந்திட்டுது, இண்டைக்கே வறுப்பம்!" என்று துள்ளினீர்கள். ஊரில் சோளகம் அடித்தால் எல்லாம் காயும், சரி. எங்கள் பல்கனியும் அதே தெற்கைத்தான் பார்க்கிறது என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பல்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செத்தல் மிளகாயைத் தாச்சியில் போட்டோம். காற்று நேரே வீட்டுக்குள் புகுந்து, புகை முழுவதையும் வாசல் கதவுக்கு அடியால் கொரிடோருக்குத் தள்ளியது. பதினோராம் மாடி முழுக்கத் தும்மியது. அலாம் அடித்தது. தீயணைப்பு வண்டி வந்தது. முழுக் கட்டடமும் கீழே இறங்கி, கார் நிற்பாட்டுகிற இடத்தில் நின்று இருமியது. நீங்கள் அகப்பையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, சனத்தோடு சனமாக நின்று, "ஆர் உந்த வேலை பார்த்தது?" என்று கேட்டீர்களே. அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வடக்குக் காற்றுத்தான் எங்களுக்குச் சரி என்று கண்டுபிடிக்க இன்னொரு வருசம் எடுத்தது. ஊரில் வடக்கால் வந்தால் அது வாடை. ஈரமும் மழையுமாக வரும், அந்த நாளில் மிளகாயை வெளியில் எடுப்பவளுக்கு விசர் என்பார்கள். இங்கே அப்படியில்லை. மில்லிக்கன், மார்க்கம் எல்லாம் தாண்டி வடக்கே நிலம் உயர்ந்து கிடக்கிறது, அங்கிருந்து தெற்கே ஏரி வரைக்கும் சரிவு. இலை கொட்டுகிற காலத்தில், ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள், காற்று அந்தச் சரிவால் இறங்கி வரும். இறங்க இறங்கக் காய்ந்துகொண்டு வருமாம், ரீவியில் காலநிலை சொல்பவர் சொன்னார்.

சீராகவும் வீசாது. கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு சடாரென்று ஒரு தள்ளுத் தள்ளும். உதடு வெடிக்கும், கம்பளியைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். ஆனால் எங்கள் பல்கனி அந்தக் காற்றுக்கு முதுகுப்பக்கம். அது கொரிடோரால் வந்து, கதவிடுக்கால் நுழைந்து, புகையையும் கூட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விடும்.

அதற்கு ஒரு பெயர் வைக்கத்தான் எங்களால் முடியவில்லை. நான் வாடை என்றேன். "வாடை எண்டால் நனைக்கும். உது காயவைக்குது. உது வேறை சாதி" என்றீர்கள். கடைசியில் தூள் வறுக்கிற காற்று என்றே விட்டுவிட்டோம்.

இந்த முறை தனியே நாள் பார்த்தேன். உங்கள் முறைதான். பல்கனிக் கம்பியில் ஒரு நூல், காகிதத் தட்டில் பொரித்த அப்பளம் ஒன்று. நூல் ஏரிப்பக்கம் நீட்ட வேண்டும், அப்பளம் நமத்துப்போகாமல் நொறுங்க வேண்டும். முதல் கிழமை நூல் சுவர்ப்பக்கமே திரும்பி நின்றது. அடுத்த கிழமை நூல் சரி, அப்பளம் சவ்வாகிவிட்டது. இதற்கிடையில் தம்பிக்காரர் வந்து, மாதக் கடைசியில் கார் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காற்று வரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவள் ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன புதன்கிழமை நல்ல மழை. வியாழன் காலை, பூட்டாத அறைக்கதவு தானாக அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், நூல் ஏரியைக் காட்டி விறைத்து நிற்கிறது. தட்டும் இல்லை, அப்பளமும் இல்லை, காற்றுக் கொண்டுபோய்விட்டது. இதற்கு மேலும் என்ன சோதனை? வேலைக்குப் போன் எடுத்துச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, சிவமண்ணையின் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, பல்கனிக் கதவு அடிக்குது. ஒருக்கா வந்து பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக வறுத்து, கடைசியில் செத்தலைப் போட்டேன். நடுவில் காற்று கொஞ்சம் நின்றது. புகை திரும்பி அவரையே சுற்றியது. இருமினார், கண்ணைத் துடைத்தார், கதவை மட்டும் விடவில்லை. பிறகு ஒரு தள்ளு வந்தது, புகை போய்விட்டது.

அலாம் அடிக்கவில்லை, அக்கா. எதிர்வீட்டு ஜமெய்க்கா மனுசி எட்டிப்பார்த்து, இந்த வருசம் கீழே இறங்கத் தேவையில்லையா என்று கேட்டுச் சிரித்தா. உங்களையும் விசாரித்தா. சொன்னேன். என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனா.

அரைத்தெடுத்து, பின்னேரம் அந்தத் தூளில் கணவாய்க் கறி வைத்து, புட்டோடு அவருக்குக் கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளப்போகிறாரோ என்று கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறுதலாகச் சப்பி விழுங்கினார்.

"மலர் இன்னும் கொஞ்சம் கறுக்க வறுப்பாள்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டு, தும்மித் தும்மி வறுத்தவளுக்குச் சொல்கிற கதையா இது? திருப்பிப் பேச வாயைத் திறந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார். கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டுப் போடச் சொன்னார்.

விட்பிக்கு அவர் போகத்தான் போகிறார். பெரிய போத்தல் ஒன்று கூடவே போகும். ஆனால் கறுக்க என்றால் எவ்வளவு கறுக்க? கதிரையில் இருந்துகொண்டு "போதும், இறக்கு" என்று சொன்னதைத் தவிர, நீங்கள் எனக்கு வேறு என்ன சொல்லித் தந்தீர்கள்?

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன். வாற வருசம் அந்தக் காற்று இறங்கி வரும்போது இன்னும் கொஞ்சம் கறுக்க வறுப்பேன், அவருடைய பங்கை விட்பிக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். அலாம் அடித்தால், உங்களைப்போல இல்லை, அகப்பையை உயர்த்திப் பிடித்து நான்தான் என்று சொல்வேன்.

உங்கள் பக்கத்துக் கதவுத் தங்கச்சி,
வசந்தி