எல்லாக் கித்தாபும் ஓர் அறையில்

நவ. 26, புதன்
விடிந்ததிலிருந்து மழை. கதிரை முழுக்கக் காயாத துணி, வீடே ஈர வாடை. பரீட்சை மேற்பார்வைக்குப் போய் நனைந்து வந்தேன். தலைவலி. பருப்பும் கருவாடும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு என் கணவர் நசீர் கேட்டார்: "பள்ளிவாசல் அறைய ஒருக்கா பாத்துட்டு வருவமா? கித்தாபு அலுமாரிட கீழ்த் தட்டையாவது மேல ஏத்திடலாம்."

"ஆறு அங்கால ஒருநாளும் வந்ததில்லயே. நாளைக்குப் பாப்பம்" என்றேன். படுத்துவிட்டேன்.

நவ. 28, வெள்ளி
கரண்ட் இல்லை. போன் இல்லை. சுது கங்கை ஆறு ரோட்டிலேயே ஓடுகிறது. ஜும்ஆ தொழுகை நடக்கவில்லை.

பகல் மழை கொஞ்சம் விட்டதும் நானும் நசீரும் பள்ளிவாசலுக்கு நடந்தோம். கீழ் அறை ஜன்னலின் பாதிவரை தண்ணீர். கதவைத் திறக்க வழியில்லை. யாருடையதோ பிளாஸ்டிக் கதிரை ஒன்று வாசலில் சுற்றிச் சுற்றி மிதந்தது.

"அல்லாட காவல்" என்றார் நசீர். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவ. 29, சனி
தண்ணீர் வடிந்தது. முழங்கால் சேறு. அலுமாரி கவிழ்ந்து கிடந்தது. நசீர் அலவாங்கால் நெம்பித் திறந்தார்.

கையெழுத்துக் கித்தாபுகள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். மவ்லிது, பைத்துப் பாடல்கள், மருந்துக் குறிப்பு, ஒரு மாப்பிள்ளை தன் மனைவிக்கு எழுதிவைத்த அறிவுரை. இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி, கரையான், ஒழுகல், எலி என்று பயம் காட்டி நானே வாங்கிவந்தவை. எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே அலுமாரியில் அடுக்கியதும் நானே. இப்போது தேத்தண்ணீரில் ஊறிய பாண் துண்டு மாதிரி.

எழுதிவிடுகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்யும் கருணாகரன் சேர் நடத்திய பயிற்சிக்கு நான் போயிருந்தேன். வெள்ளம், தீ, மண்சரிவு வந்தால் பழைய பொருட்களை எப்படிக் காப்பது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லித் தந்தார். மேல் மாடியில் வையுங்கோ என்றார். எல்லாவற்றையும் ஒன்றாக வைக்காதேங்கோ என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். இரும்பு அலுமாரி படியில் ஏறவில்லை. பெருநாள் முடிந்து ஆள் பிடிக்கலாம் என்று விட்டேன். இரண்டு பெருநாளும் போய்விட்டது.

மேல் தட்டு ஈரம் மட்டும். கீழ்த் தட்டுத்தான் மோசம். பல்லேபொல ஜீனத் ராத்தா தந்த கித்தாபு கீழே இருந்தது. பெரியது, பாரம் என்று நான்தான் கீழே வைத்தேன்.

மாலை, மேட்டு ரோட்டில் சிக்னல் கிடைத்தது. கருணாகரன் சேருக்கு எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போன அவர் குடும்பம் வழியில் எங்கேயோ மாட்டியிருக்கிறதாம். அதற்குள்ளும் பொறுமையாகச் சொன்னார்:

"வெயில்ல வைக்காதேங்கோ டீச்சர். ஒண்டையும் விரிச்சுப் பாக்காதேங்கோ, மை போயிடும். பொலித்தீன்ல சுத்தி ஃப்ரீசருக்குள்ள வையுங்கோ. இல்லாட்டி ரெண்டு நாளில பூஞ்சணம் பிடிச்சிடும்."

"கரண்ட் இல்லையே சேர்."

"ஜெனரேட்டர் வச்சிருக்கிற ஆரையாவது பிடியுங்கோ."

மேலே தேயிலைத் தோட்டத்தில் சரிந்த மண்ணுக்குள் ஆட்களைத் தேடுகிறார்கள். நான் புத்தகத்துக்கு ஃப்ரீசர் தேடப் போகிறேன். கேட்க வாய் கூசுகிறது.

நவ. 30, ஞாயிறு
பலாபத்வலயில் இம்தியாஸ் நானாவின் கோழிக்கடை. ஜெனரேட்டர் ஓடுகிறது. கடைக்கு முன்னால் போன் சார்ஜ் போட வந்த சனம்.

"கித்தாபையா? கோழிப் பெட்டிக்குள்ளயா?" என்று என்னையே பார்த்தார். "டீச்சர், ஓதுற கித்தாபு..."

"வேற வழியில்ல நானா."

யோசித்தார். ஒரு ஃப்ரீசர் பெட்டியில் மிச்சமிருந்த கோழியை எல்லாம் வெள்ள நிவாரண முகாம் சமையலுக்கு அனுப்பினார். பெட்டியைச் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூன்று தரம் கழுவினார். புது பொலித்தீன் விரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்களே வைங்க. நான் வுளூ இல்லாம ஈக்கிறேன், தொடக் கூடாது."

அவருக்காக துஆ கேட்டேன். எனக்காகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

திரும்பும் வழியில் போன் அடித்தது. ஜீனத் ராத்தா, பல்லேபொலவிலிருந்து. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைக்கிறார். நான் மூன்று முறை போய்க் கெஞ்சித்தான் கித்தாபைத் தந்தார்.

"டீச்சர், நீங்க நல்லாயா? டவுனெல்லாம் தண்ணி எண்டு செல்றாங்க. எங்க கித்தாபு?"

"பத்திரமா ஈக்கு ராத்தா."

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசிக்கவே இல்லை. சலாம் சொல்வதுபோல வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "நல்ல வேள உங்கள்ட்ட தந்தது."

டிச. 2, செவ்வாய்
கரண்ட் வந்தது. மா, மெழுகுதிரி, டெட்டோல் வாங்க வேண்டும். பள்ளிவாசல் அறையைக் கழுவினோம். சேறு போகிறது, வாடை போகவில்லை.

ராத்தாவிடம் சொன்ன பொய்யை நசீரிடம் சொன்னேன். நசீர்: "போய்ச் செல்லிடுங்க. ஒவ்வொரு நாளும் கூடக் கூட பாரம்."

நான் கித்தாபு வாங்கிய வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. ஒன்றில்கூட இல்லை.

டிச. 4, வியாழன்
பஸ் பாதி வழிதான். பாலத்தடியில் இறங்கி நடந்தேன். ராத்தாவின் வீடு மேட்டில். முற்றத்தில் மிளகாய் காய்கிறது. என்னைக் கண்டதும் பாய் விரித்தார், மகளிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். தேத்தண்ணி வருமுன் சொல்லிவிட்டேன். வெள்ளம், அலுமாரி, கீழ்த் தட்டு, கோழிக்கடை. எல்லாம்.

ராத்தா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கூர ஒழுகும் எண்டு செல்லித்தானே வாங்கினீங்க? இந்த மழைக்கி ஒரு சொட்டு விழல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம நான் கோல் எடுத்த நேரமே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து உள்ளே போனார். தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. மகள் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. எழுந்து நிற்கும்போது மிஷின் நின்றது. உள்ளே இருந்தபடியே சொன்னார்:

"கித்தாபக் கொண்டாந்து தாங்க. எப்பிடி ஈந்தாலும் பரவால்ல. இனி எங்க ஊட்டுலயே ஈக்கட்டும்."

டிச. 5, வெள்ளி
கருணாகரன் சேர் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. குரலில் உயிர் வந்திருந்தது. கித்தாபைச் சரிசெய்யக் கொழும்புக்கு அனுப்பினால் நல்லது, ஆனால் உரிமைக்காரி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். "ஒருக்கா ஐஸ் இளகினா நிப்பாட்டேலாது. காயும் வரைக்கும் ஆராவது பக்கத்தில இருக்கோணும்."

யார் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

டிச. 6, சனி
மீன்காரர்கள் வைத்திருக்கும் ரெஜிஃபோம் பெட்டி, ஐஸ், நடுவில் கித்தாபு. செங்கல் மாதிரி விறைத்திருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், "மாளுத?" என்று கேட்டார். ஆமாம், மீன்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். இன்னொரு பொய்.

ராத்தா பெட்டியைத் திறந்து பார்த்தார். தொடவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் முற்றத்துக்குப் போய் நின்றேன்.

பிறகு ஆரம்பித்தோம். இளக விட்டு, விளிம்பிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவே டிஷ்யூ தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில். முதல் தாள்களில் எழுத்து இல்லை. நீல நிறம் மட்டும். ராத்தா அந்தத் தாள்களையும் எறிய விடவில்லை.

டிச. 8, திங்கள்
இன்றும் போனேன். பாடசாலை இல்லாதது வசதி. ராத்தா வேலைக்கு வேண்டியது மட்டும்தான் பேசுகிறார். "பிடிங்க." "மெல்ல." "போதும்." தேத்தண்ணி இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நடுத் தாள்களில் எழுத்து இருக்கிறது! கலங்கியிருந்தாலும் வாசிக்கலாம். சத்தமாகச் சொல்லிவிட்டேன். ராத்தா குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, ஓதினாரா தெரியவில்லை.

மற்ற வீடுகளுக்கும் இன்று போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். ஒருவர் ஏசினார். ஒருவர் வைத்துவிட்டார். ஒருவர், "டீச்சர், எங்க மச்சானே இன்னம் கெடைக்கல்ல, கித்தாபு என்னத்துக்கு" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் யாருக்கும் எடுக்கவில்லை.

டிச. 10, புதன்
காலையிலிருந்து மறுபடியும் மழை. லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ராத்தாவின் அழைப்பு. அவராக எடுப்பது அந்த ஞாயிறுக்குப் பிறகு இதுதான்.

"ஊட்டுக்குப் பின்னால நெலம் வெடிச்சீக்கு. கிராம சேவகர் ஒடனே போகச் சென்னார். கித்தாபு இன்னம் ஈரம்." மூச்சு வாங்கினார். "எங்க வச்சா பத்திரம்? நீங்கதானே அதப் படிச்சீங்க."

பத்திரம் என்று சொல்ல வாய் திறந்தது. மூடினேன்.

"தெரியாது ராத்தா. எங்க ஊடு மேட்டுல ஈக்கு, தண்ணி வரல்ல. அதுக்கு மேல என்னால உறுதி செல்ல ஏலா. முதல்ல நீங்களும் புள்ளயும் வெளிய வாங்க. எங்க ஊட்டுக்கு வாங்க."

பதில் வராமலே தொடர்பு அறுந்தது.

நசீர் ஆட்டோ பிடித்துப் போனார். நான் முன்னறையைக் கூட்டினேன். அரிசி போட்டேன். வாசலுக்குப் போய்ப் போய் வந்தேன்.

அஸர் பாங்கு சொல்லும்போது வந்தார்கள். மகள் கையில் பாடப் புத்தகப் பை. நசீர் தையல் மிஷினைத் தூக்கி இறக்கினார். ராத்தா கடைசியாக இறங்கினார், ரெஜிஃபோம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"வேணா" என்றார். "நானே வச்சிக்கிறேன்."

என்னைக் கடந்து உள்ளே போனார். கட்டிலின் தலைமாட்டில் பெட்டியை வைத்தார். விசிறி எங்கே என்று கேட்டார். காட்டினேன். ஈர முந்தானையை மாற்றக்கூட இல்லை, நிலத்தில் அமர்ந்து கித்தாபை விரித்தார். நான் கதவடியிலேயே நின்றேன்.

"நிக்காம இரிங்க" என்றார், தலை நிமிராமல். "மத்தப் பக்கத்தப் பிடிங்க."