சூடத்தை அணைத்த கை

மேலக்கூத்தன்வயல்,
ஆனி 20, வெள்ளிக்கிழமை.

என் பேரன் மாரீஸ்வரனுக்கு உன் அப்பத்தா சேதுலட்சுமி எழுதும் கடிதம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன் அப்பத்தா, பொறவு கூப்புடுறேன்" என்பாய். பாதியில் நிறுத்தினால் மீதியைச் சொல்ல எனக்கு இன்னொரு முறை தைரியம் வராது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

என் பேர் வைத்து நீ நடத்தும் கம்பெனியின் இருபத்தைந்து வருட வரலாற்றுப் புத்தகம் வந்தது. ராமநாதபுரம் ஆபீசிலிருந்து பிரபு தம்பி கொண்டுவந்தான். பஞ்சாயத்து ஆபீசில் எனக்குச் சால்வை போட்டு, ஊர் கூடி நிற்க முதல் பக்கத்தைத் திறந்து காட்டினான். முழுப் பக்கத்துக்கு என் முகம். நம் கூத்தையா இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்குமா? "இந்தியா பூராவும் குப்பை லாரியில உம் பேரு போகுது, இப்ப மூஞ்சியும் போயிருச்சு, இனிமே ஆத்தாளைக் கையில புடிக்க முடியாது" என்றான். நானும்தான் சிரித்தேன். பொய் சொல்வானேன், ரெண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

அஞ்சாப்பு வரைக்கும் படித்தவள் நான். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று விரல் வைத்து வாசித்தேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நீ ஒற்றை மூன்றுசக்கர வண்டியோடு தொடங்கியது, தொண்டியிலும் திருப்பாலைக்குடியிலும் கிழிந்த நைலான் வலைகளை வாங்கி உருக்கிப் பிளாஸ்டிக் மணிகளாக ஆக்கியது, மதுரையில் முதல் ஆலை, பிறகு பதினெட்டு மாநிலம், பதினோராயிரம் ஆட்கள், டில்லியில் விருது. எல்லாம் அழகாகப் போட்டிருக்கிறார்கள். மிளகாய்க் காட்டில் பிறந்த பிள்ளை இவ்வளவு செய்தானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் அத்தியாயத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். "மழை இல்லாத வருடத்தில் அப்பத்தா ராமேஸ்வரத்துக்குப் போனார். அக்னி தீர்த்தத்தில் குளிக்கிறவர்கள் பாவம் தொலையட்டும் என்று கடலில் விட்டுப்போகும் துணிகளை, யாரும் தொடக் கூசிய காலத்தில் தொட்டு எடுத்தார். அலசிக் காயவைத்துக் கிழித்து, விசைப்படகு இன்ஜின் துடைக்க விற்றார். அங்கேதான் நம் கம்பெனி பிறந்தது. ஓரத்தைப் பல்லால் கடித்துவிட்டு நூல் வாக்கில் கிழிக்க அப்பத்தாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்." இப்படி எழுதியிருக்கிறாய்.

உனக்குச் சொன்னவள் நான்தான். அது இப்படி அச்சில் ஏறி, இந்தியிலும் இங்கிலீசிலும் ஊர் ஊராகப் போகும் என்று நினைக்கவில்லை.

முந்தாநாள் எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தேன். தூத்துக்குடி யார்டில் துணி பிரிக்கும் சகோதரிகள் என்று ஒரு படம். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பதினொரு பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். கடைசியில் நிற்கிற நரைத்தலைக்காரி பார்க்கவில்லை. ஒரு வேட்டியின் ஓரத்தை இடது பக்கப் பல்லில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்துக் கடிக்கிறாள்.

டீச்சர் சிநேகாவிடம் பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன். புத்தகத்தை மூடினேன், திறந்தேன். அடுப்பில் உலை பொங்கி நெருப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

மாரீஸ்வரா, அது உன் அம்மா நாகஜோதி.

அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள் என்றுதானே சொல்லி உன்னை வளர்த்தேன். சாகவில்லை. நான் அனுப்பினேன்.

உன் அப்பன் இருளாண்டி மஞ்சள் காமாலையில் தவறிப்போன அந்த வருடம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. மிளகாய்ச் செடி பூக்காமலே கருகியது. உனக்கு நாலு வயது. நாகஜோதி ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். மூன்றாம் மாதம் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு மூட்டையோடு வந்து முற்றத்தில் அவிழ்த்தாள். அவ்வளவும் சேலையும் வேட்டியும், உப்பு வாடையோடு. உட்கார்ந்து, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, பல்லால் கடித்துக் கிழிக்கத் தொடங்கினாள். "அயித்தை, போட்டுக்காரக இதைத்தான் இன்ஜின் துடைக்க வாங்குறாக. கடல்ல கெடந்து மக்குறதை நாம எடுத்தா என்னா? புள்ளைக்குச் சோறாச்சே" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகனைப் பறிகொடுத்த வீடு. அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் காலத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "ஊரார் பாவத்தை எல்லாம் மூட்டை கட்டி எம் பேரன் தலையில எறக்கவாடி வந்தே?" என்று கத்தினேன். அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வெட்டியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கருப்பர் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். தரையில் சூடம் ஏற்றினேன். இனிமேல் உயிருள்ளவரை பிள்ளை முன்னால் வர மாட்டேன் என்று அணைத்துச் சத்தியம் செய் என்றேன். அழுதாள். "எம் புள்ள பொழைச்சுக்கிருவானா அயித்தை?" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். பொழைப்பான் என்றேன். வலது உள்ளங்கையை வைத்தாள். மற்றவர்கள் தட்டிவிட்டுக் கையை எடுப்பார்கள். அவள் எடுக்கவில்லை. சூடம் அணைந்த பிறகும் வைத்திருந்தாள். கை வெந்துபோனது. அப்படியே பஸ் ஏறினாள்.

நீ ஆஸ்பத்திரி மருந்தில் பிழைத்தாய். அவள் போனதால் பிழைத்தாய் என்று நான் நம்பினேன். அடுத்த வருடமும் மழை இல்லை. பானையில் அரிசி இல்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போய், அவள் எடுத்த அதே தண்ணீரில் இறங்கி அதே துணியை நானும் எடுத்தேன். அவள் முற்றத்தில் கிழித்ததைப் பார்த்துத்தான் எனக்கு அந்தத் தொழிலே தெரியும். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு தும்மல்கூட வரவில்லை. அன்றைக்கே அவளைத் தேடியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவேன்? நாளைக்கு நாளைக்கு என்று நாற்பது வருடம் போய்விட்டது.

நீ பதினைந்து வயதில் தொடங்கி ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் அப்பனுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட்டாய். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்று எனக்கே தெரியாது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். தர்ப்பணம் முடிந்து நனைந்த வேட்டியை நீயும் கரையில் விட்டுவிட்டு வருவாய். உன் ஆட்கள் எடுப்பார்கள். ராமேஸ்வரத்துத் துணி எல்லாம் தூத்துக்குடிக்குத்தான் போகிறது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அவளுக்குத் திதி கொடுத்த வேட்டியை அவளே பல்லில் கடித்துக் கிழித்திருப்பாள்.

கம்பெனி உன்னுடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. யார்டு வாசலில் உன் படம் மாட்டியிருக்கிறது. அவள் போட்டிருக்கும் பச்சைக் கோட்டில், மார்புக்கு நேரே, சேதுலட்சுமி என்று கம்பெனி பேர் இருக்கிறது. அதைத் தினமும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். உன்னிடம் வேலை பார்க்கிறாள், உன் முன்னால் வரவில்லை. நான் வாங்கிய சத்தியத்தை அப்படிக் காப்பாற்றுகிறாள். போன வருடம் நீ தூத்துக்குடிக்குப் போய் எல்லாருக்கும் கை கொடுத்தாய் என்று எழுதியிருக்கிறார்களே, அன்றைக்கு எந்த மூட்டைக்குப் பின்னால் நின்றாளோ.

ஒருவேளை என் கண் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். நானும் அப்படி நினைத்துப்பார்த்தேன். நேரே போய் அவளுடைய வலது உள்ளங்கையைப் பார். நடுவில் தழும்பு இருக்கும். படத்தில் தெரிகிறதா என்று தேடினேன், தெரியவில்லை. மற்ற பதினொரு பேரும் கையுறை போட்டிருக்கிறார்கள். அவள் போடவில்லை. ஏன் போடவில்லை என்றும் விசாரி.

ஆடி அமாவாசைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. அப்பனுக்கு மட்டும் தண்ணீர் விடு. அவள் பேரைச் சொல்லி இனி ஒரு சொட்டு விடாதே. புத்தகத்தில் என் பக்கத்தைக் கிழித்துவிடு. லாரியில் எழுதிய பேரை என்ன செய்வது என்பதை அவளிடம் கேள்.

என்னை வந்து திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் முதலில் என்னிடம் வராதே, அங்கே போ. ஆள் அனுப்பாதே, ஆபீசுக்குக் கூப்பிடாதே. கூப்பிட்டால் வர மாட்டாள். சூடத்தை அணைத்தது அவள். நீ அணைக்கவில்லை. அவள்தான் உன் முன்னால் வரக் கூடாது. நீ அவள் முன்னால் போகலாம், சாமி. அதில் எந்தச் சத்தியமும் கெடாது. இது நாற்பது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

கருப்பர் உனக்குத் துணையாக வரட்டும். நீ போய் நிற்கும்போது அவள் வாயில் துணி இருக்கும். அவளே அதை எடுக்கும்வரை பொறுமையாக நில்.

இப்படிக்கு,
இருளாண்டியைப் பெற்ற
சேதுலட்சுமி.