பத்தாவது புளியங்கொட்டை

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி கூடத்தில் செய்தித்தாளை விரித்துப்போட்டு வருடத்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புளி வாசனை. நானும் எதிரில் உட்கார்ந்து, தெறித்து விழுந்த கொட்டைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தேன். வைத்து முடித்துப் பார்த்தால் சரியாகப் பத்து இருந்தது. பல்லாங்குழி ஆடப் போகிறீர்களா என்று கேட்டாள். நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

நீ செத்து நாற்பது நாளாகிறது. ஊரில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உனக்குப் பிறவியிலேயே இசை ஞானம் இருந்தது என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு ஞானமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக் கட்டித் தடித்துப்போன விரல்கள். முப்பத்தெட்டு வயதில் கிட்டாரைத் தொட்டவன் நீ. மாதா கோயில் பாடகர் குழுவில் நீ சேர்ந்த முதல் வருடம், உன் பக்கம் மைக் வைக்க வேண்டாம் என்று சொன்னதே நான்தான். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக அதையெல்லாம் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உன்னிடம் இருந்தது பிடிவாதம் மட்டும்தான். கோவில்பத்தில் உன் கடைக்கு, பூவம் பக்கத்து விவசாயிகள் கருகிப்போன பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே கட்டுவாய். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிப்போனால், தோராயமாக ஒன்றை வைத்துக்கொண்டு மேலே போக மாட்டாய். அவ்வளவையும் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாய். நான் எத்தனையோ தடவை உன்னைக் கிறுக்கன் என்று திட்டியிருக்கிறேன். கிட்டாருக்கும் அதே கிறுக்கைத்தான் கொண்டுவந்தாய்.

திருவிழாவில் கொடியிறக்கத்தன்று பாடும் மாதா பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு கிட்டார் பகுதி வரும். ஒரு தட்டுக்கு நாலு சுரம், மூச்சுவிட இடமில்லாமல் ஓடும். தந்தியை மீட்டும் பிக் ஒரு தரம் கீழே, ஒரு தரம் மேலே என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குத் தாவும்போது கை சோம்பல்பட்டு ஒரே பக்கமாக இரண்டு தரம் தள்ளிவிடும். சுரம் அங்கே நொண்டும். மூன்று வருடமாக அதை நான்தான் வாசித்து வந்தேன். ஜனங்கள் கைதட்டுவார்கள். நீ எனக்குப் பின்னால் நின்று பாட்டுக்குத் துணையாக வெறும் கார்டு தட்டிக்கொண்டிருப்பாய்.

போன வருடம் தவக்காலத்தில் நீ வந்து கேட்டாய்.

"ஒரே ஒரு வருசம் நான் வாசிக்கிறேனே மாப்ள. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

ஆர்கன் வாசிக்கும் டீச்சர்தான் குழுவுக்குப் பெரியவர். நான் கேட்டுச் சரி என்று சொன்னால் தனக்கும் சரி என்று அவர் என்னிடமே தள்ளிவிட்டார். நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு வேகத்தில், தொடர்ந்து பத்துத் தடவை, ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக் காட்டு என்று உனக்குச் சொன்னேன். உன்னால் முடியாது என்ற நம்பிக்கையில் சொன்னது அது.

நீ ஒரு பழைய தைல டப்பாவில் பத்துப் புளியங்கொட்டையோடு வந்தாய். காயில் கட்டும் மேசையில் இடது பக்கம் பத்தும் இருக்கும். ஒரு தடவை சுத்தமாக வந்தால் ஒரு கொட்டை வலது பக்கம் போகும். எங்கேயாவது பிசகினால் போனதெல்லாம் திரும்ப இடது பக்கம் வரும். அறுபது வேகத்தில் ஆரம்பித்தாய். பத்தும் தாண்டினால்தான் அறுபத்துநாலு. சாயங்காலம் அலுவலகம் விட்டு வண்டியில் உன் கடைக்கு வந்து நான் கேட்பேன். தப்பைப் பிடிப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஏழாவது, எட்டாவது கொட்டையில் நீ வழுக்கும்போது, இது கிட்டார், கிரைண்டர் இல்லை என்பேன். நீ கோபப்பட்டதே இல்லை. எந்த இடத்தில் என்று மட்டும் கேட்பாய். நான் சொன்ன அந்த இரண்டு தந்தியை அரைமணி நேரம் வாசிப்பாய்.

அஞ்சு மாதத்தில் நூற்றுப்பதினாறைத் தாண்டினாய்.

என் சங்கதியை இப்போது சொல்கிறேன். அந்தப் பகுதியை நான் ஒரு வருடம்கூட ஒழுங்காக வாசித்ததில்லை. வேகம் வரும் இடத்தில் பாதிச் சுரத்தை பிக்கால் அடிக்கவே மாட்டேன். இடது கை விரலைத் தந்தியில் குத்தி ஒப்பேற்றிவிடுவேன். கோயில் எதிரொலியிலும் கோரஸ் சத்தத்திலும் யாருக்கும் தெரியாது. நீ நூற்றெட்டுக்கு வந்த வாரம், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் கொட்டை வைத்துப் பார்த்தேன். நாலைத் தாண்டவில்லை.

கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நூற்றிருபது. ஒன்பது கொட்டை வலது பக்கம் போய்விட்டது. உன் மனைவி டீ டம்ளரோடு வந்து, மேசையில் வைக்காமல் அப்படியே நின்றாள். பத்தாவது தடவை வாசித்தாய். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. நான் கேட்டதிலேயே அவ்வளவு சுத்தமாக எந்த மனிதனும் வாசித்ததில்லை. நீ கடைசிக் கொட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"மூணாவது தந்திக்கு மாறுறப்ப பிக் மேல போற ஒரு அடி விட்டுப்போச்சுடா," என்றேன்.

நீ உன் கையைப் பார்த்தாய். என்னோடு வாதாடியிருந்தால், இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட, நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். நீ உள்ளங்கை ஓரத்தால் ஒன்பது கொட்டையையும் இடது பக்கம் தள்ளினாய்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ள."

கொடியிறக்கத்தன்று நான் வாசித்தேன். வழக்கம்போல ஒப்பேற்றினேன், வழக்கம்போலக் கைதட்டினார்கள். பாட்டு முடிந்து பந்தலில் நிற்கும்போது நீ என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். அவ்வளவு வேகத்திலும் என் கை அசையவே இல்லை, அதுதான் ரகசியம், தன் கை வீண் ஆட்டம் ஆடுகிறது என்றாய். கை அசையாததற்குக் காரணம் நான் அடிக்காததுதான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "பழகுனா வந்துரும்" என்றேன்.

அன்றிலிருந்து நீ கையை அசைக்காமல் வாசிக்கப் பழகினாய். நன்றாக இருந்த கை. இல்லாத பிழையைத் தேடி மறுபடியும் அறுபதுக்கு இறங்கினாய், பிறகு ஐம்பதுக்கு. பிக்கைப் பிடிக்கும் விதத்தை மாற்றினாய். மணிக்கட்டை மேசையோடு கட்டிப்போட்டது மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, கொட்டையைத் தள்ளித் தள்ளி நாலு மாதம். நான் வந்து கேட்பதை நிறுத்தியிருந்தேன். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் நீ சாதாரண கார்டுகூடத் தாளத்தில் தட்டவில்லை. இவன் ஷேக்கர் ஆட்டட்டும் என்று டீச்சரிடம் சொன்னதும் நான்தான். நீ கிலுகிலுப்பை மாதிரியான அந்த ஷேக்கரை வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாய்.

"கை போச்சு மாப்ள," என்று சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தவக்காலம் ஆரம்பித்த வாரம், முற்பகலில், பாதி கட்டிய மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனாய்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். கிட்டார் உறையிலிருந்து அந்தத் தைல டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பத்தாவது தடவ எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. நீங்க போனதும் அவருகிட்ட சொன்னேன். அவன் காதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரிஞ்சுருமான்னு திட்டிட்டாரு. ரெண்டு நாள் நாங்க பேசிக்கல. நெசமாவே தப்பு இருந்துச்சாண்ணே?"

உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

"இருந்துச்சு தங்கச்சி," என்றேன். "ரொம்பச் சின்னதுதான். பழகுனவங்களுக்குத்தான் கேக்கும்."

அவள் தலையாட்டினாள். "அப்ப அவரு சொன்னதுதான் சரி. நான்தான் வீணா அவர நோகடிச்சிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை என் கையில் கொடுத்தாள். நீங்கள்தானே எண்ணுவீர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

உன்னிடம் பொய் சொன்னதைவிட அவளிடம் சொன்னதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. உன்னிடம் பொறாமையில் சொன்னேன். அவளிடம், மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக மட்டும் சொன்னேன். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்வேனா என்று கேட்டால், மாட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இனி ஒன்றும் இருக்க வேண்டாம்.

டீச்சர் நேற்றுப் பார்த்தார். இந்த வருடக் கொடியிறக்கத்தில் அந்தக் கிட்டார் பகுதியை உன் நினைவாக வாசிக்க வேண்டும் என்றார். வாசிப்பதற்கு முன்னால் உன் பெயரை மைக்கில் சொல்வார்களாம். உன் மனைவியை முன்வரிசையில் உட்கார வைப்பார்களாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

டப்பா என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது கொட்டைகள் உள்ளே ஆடும் சத்தம் கேட்கிறது. அன்றைக்கும் அது பையில்தான் இருக்கும். கைதட்டுவார்கள். என் வலது கை அசையாது.