எண் இல்லாத மாத்திரைகள்

அத்தான்,

இன்றைக்குத்தான் கொஞ்சம் அயர்ந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. வக்கீலைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போகிறேன். கஞ்சி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம்; தலை சுற்றினால் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வரவேண்டுமே.

மருந்துக்கடை அண்ணாச்சி உங்களைப் பார்க்க வருகிறாராம். அவர்மேல் எரிந்து விழாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த வயிற்றுப்புண் மாத்திரையை ஒன்பது வருஷமாக அவரிடம்தான் வாங்கினோம். "தெரிஞ்ச கடைதான, பில்லு எதுக்கு அண்ணாச்சி" என்று சொன்னது நாம்தான். வாரத்துக்கு ஏழு மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்துத் தருவார். கம்பெனி பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். அந்த மாத்திரையில் கலந்திருந்த நச்சால்தான் உங்களுக்குப் புற்றுநோய் என்று வழக்குப் போட, வக்கீல் அந்த ஓரத்தைத்தான் கேட்கிறார். டாக்டர் சீட்டும் எழுத்து அழிந்து வெறுந்தாளாகிவிட்டது. யார்மேல் வழக்குப் போடுவது என்றே தெரியவில்லை.

"கேஸ் போட்டா என் வயிறு சரியாயிருமா மது" என்று நேற்று நீங்கள் கேட்டபோது தட்டை அப்படி நங்கென்று வைத்திருக்கக் கூடாது.

மது

இன்னொன்று. பில் இல்லாததால், வீட்டில் தினமும் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் எழுதித் தந்தால் கொஞ்சமாவது உதவும் என்றார் வக்கீல். ஒன்பது வருஷமும் என் கையால்தான் கொடுத்தேன் என்று எழுதிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்ற நாள்களிலும் விடாமல் கொடுத்தேன் என்பதை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.